விரல்ல கோளாறா, போர்டுல கோளாறா?

கேரம் போர்டு பத்தி ஒரு டாக்டர் எதுக்கு த்ரெட் எழுதணும்னு கேப்பீங்க. நான் செஞ்ச ஒரு தப்புலேர்ந்து ஆரம்பிக்கிறேன். கொஞ்சம் நீளம், டீ எடுத்துக்கிட்டு வாங்க.

ராமேஸ்வரம் பக்கம் ஒரு அரசு மருத்துவமனையில டியூட்டி பாக்குறேன். ஸ்பெஷலிஸ்ட் எல்லாம் இல்ல, எம்பிபிஎஸ்தான். ஜனவரியில ஒரு நாள் விடியக்காலம், விசைப்படகுல வேலை பாக்குற ஒரு அண்ணனைக் கூட்டிட்டு வந்தாங்க. (அவர்கிட்ட கேட்டுட்டுத்தான் எழுதுறேன். அடையாளம் தெரியிற விஷயங்களை மாத்தியிருக்கேன்.) படகுல இருந்த தகரம் வலது புறங்கையைக் கிழிச்சிருந்தது. ஆள்காட்டி விரலை நீட்டச் சொன்னா நீட்ட முடியல. விரலை நிமிர்த்துற தசைநாண் அறுந்திருந்தது.

கட்டுப் போட்டு மதுரைக்கு அனுப்பினோம். அங்க நல்லா தைச்சாங்க. பல வாரம் விரலை அசைக்காம ஸ்பிளின்ட். அதுக்கப்புறம் எங்க பிசியோதெரபி ரூமுக்கே வர ஆரம்பிச்சார்.

தசைநாண் கிட்டத்தட்ட ஒரு கயிறு. தைச்சு ஒட்டுறது பாதி வேலைதான். ஒட்டும்போது சுத்தி இருக்கிற தோல், சதையோடயும் சேர்ந்து ஒட்டிக்கும். மெதுவா, முறையா அசைச்சு அசைச்சுத்தான் அதை வழுக்கி ஓட வைக்கணும். சீக்கிரம் பலமா இழுத்தா அறுந்துரும், இழுக்காமலே விட்டா இறுகிரும். வாரக்கணக்கில் சலிப்பு பிடிச்ச வேலை. பாதிப் பேர் நடுவுலயே நின்னுருவாங்க.

ஏப்ரல் 15 வந்துச்சு. நம்ம கிழக்குக் கடற்கரையில அன்னைக்கிலேர்ந்து ஜூன் 14 வரைக்கும், 61 நாள், மீன்பிடித் தடைக்காலம். படகெல்லாம் கட்டிக் கிடக்கும். பாம்பன், தங்கச்சிமடம், மண்டபம்னு எங்க போனாலும் கொட்டகையில கேரம் சத்தம் கேக்கும். நம்ம அண்ணன் அந்தக் கொட்டகையில பெரிய ஆளாம். எங்க பிசியோ அக்காவுக்கு அது தெரிஞ்சதும், "சார், ஸ்ட்ரைக்கர் சுண்டுறதே அந்த விரலுக்கு நல்ல பயிற்சிதான். இப்ப லேசா ஆரம்பிக்கலாம்"னு சொன்னாங்க. மதுரை டாக்டர்கிட்டயும் கேட்டாச்சு, சரின்னுட்டார்.

நான் உற்சாகத்துல அன்னைக்கு ராத்திரியே ஆன்லைன்ல ஒரு போர்டு ஆர்டர் பண்ணிட்டேன். போட்டோவுல பளபளன்னு இருந்தது. ஸ்டார் நாலரை. காயின், ஸ்ட்ரைக்கர், பவுடர் எல்லாம் ஃப்ரீ.

பத்து நாள் விளையாடினார். பதினோராவது நாள் வரல. போன் பண்ணினா, "வேணாம் சார். விரலு செத்துப்போச்சு. சுண்டுனா பாதியில நிக்குது. எங்க பய பாத்துட்டுச் சிரிக்கிறான். வலிதான் மிச்சம்"னார்.

நானும் நம்பிட்டேங்க. அதுதான் என் தப்பு. தையல் இடத்துல ஒட்டிக்கிச்சோ, தொடர்ந்து நீட்ட வச்சது ஜாஸ்தியோன்னு கேஸ் ஷீட்டைப் புரட்டினேனே தவிர, போர்டை ஒரு தடவை கூடச் சந்தேகப்படல.

மறுநாள் அவரோட மாமா, படகு கட்டுற ஓடாவி, சுகர் மாத்திரை வாங்க வந்தார். அறுபது வயசுக்கு மேல இருக்கும். ரூமுல போர்டைப் பாத்தார். ஒன்னும் பேசல. ஸ்ட்ரைக்கரை வச்சு, தன் நல்ல விரலால முழு பலத்தோட ஒரு சுண்டு. எதிர்ச் சட்டத்துல பட்டு, திரும்பி வந்து, நடுவுல நின்னுபோச்சு.

"தம்பி, இது பலகை இல்ல, அட்டை"ன்னார். "இதுல சுண்டித்தான் அவன் வெரலு போச்சுன்னு அழுவுறானா?"

விரல்ல கோளாறுன்னு ரெண்டு பேரும் முடிவு பண்ணிட்டோம். கோளாறு போர்டுல.

அன்னைக்கு சாயங்காலம் ஓடாவி ஐயா என்னையும் அண்ணனையும் கொட்டகைக்குக் கூட்டிட்டுப் போனார். அங்க இருக்கிற போர்டு பழசு, கோடெல்லாம் மங்கிப்போச்சு. அண்ணன் பயந்துக்கிட்டே சுண்டினார். ஸ்ட்ரைக்கர் எதிர்ச் சட்டத்துக்குப் போய், திரும்பி இந்தச் சட்டத்துல பட்டு, இன்னும் கொஞ்சம் உருண்டது மாதிரி வழுக்கிப் போய் நின்னுச்சு. அவர் ஒன்னும் சொல்லல. மறுபடி சுண்டினார். அப்புறம் மறுபடி. நான்தான் "போதும்ணே, இன்னைக்கு இவ்வளவுதான்"னு கையைப் பிடிக்க வேண்டியதாப்போச்சு.

சரி, நல்ல போர்டை எப்படிக் கண்டுபிடிக்கிறது? ஓடாவி ஐயா சொன்னதையும் நான் அப்புறம் விதிகளைப் படிச்சுத் தெரிஞ்சுக்கிட்டதையும் சேர்த்துச் சொல்றேன்.

முதல்ல பாக்கெட்டுக்குள்ள விரலை விட்டுப் பாருங்க. சட்டம் எவ்வளவு தடியா இருந்தாலும் அது வெளித்தோற்றம்தான். பாக்கெட் ஓட்டையில பலகையோட வெட்டு முகம் தெரியும், தடிமனும் தெரியும். போட்டிக்கான விதிப்படி பலகை குறைஞ்சது 8 மில்லிமீட்டர் இருக்கணும். ஆடுற இடம் 73.5லேர்ந்து 74 செ.மீ. சதுரம், பாக்கெட் விட்டம் சுமார் 4.45 செ.மீ. நான் வாங்கினதை அளந்து பாத்தா 4 மில்லிமீட்டர் கூட வரல.

ரெண்டாவது, தட்டிப் பாக்குறது. இது எனக்கு ரொம்பப் பிடிச்சது. நாங்க நெஞ்சுல விரலை வச்சுத் தட்டி, நுரையீரல்ல தண்ணி கோத்திருக்கான்னு பாப்போமே, அதே முறைதான். 1761ல ஆவன்ப்ருக்கர்ங்கிற ஆஸ்திரிய டாக்டர் இதை எழுதி வச்சார். அவர் அப்பா விடுதி நடத்தினவர், பீப்பாயைத் தட்டி உள்ள எவ்வளவு சரக்கு இருக்குன்னு பாக்குறதைச் சின்ன வயசுலேயே பாத்தவர்னு எங்க வாத்தியார் சொல்வார். ஓடாவி ஐயா அவரைக் கேள்விப்பட்டதே இல்ல. நடுவுலேர்ந்து மூலை வரைக்கும் மொட்டியால தட்டிக்கிட்டே போறார். எல்லா இடத்துலயும் ஒரே கனமான சத்தம் வரணும். எங்கயாவது பொத்துன்னோ கொடகொடன்னோ கேட்டா, அங்க ப்ளைவுட் அடுக்கு பிரிஞ்சிருக்கு, இல்லைன்னா அடியில இருக்கிற குறுக்குக் கட்டை பலகையைத் தொடல.

மூணாவது, வளைவு. லைட்டை அணைச்சுட்டு, செல்போன் டார்ச்சைப் பலகை மட்டத்துல படுக்க வச்சு அடிங்க. மேடு பள்ளம் எல்லாம் நிழலாத் தெரியும். அப்புறம் ஒரு நூலை மூலைக்கு மூலை சட்டத்து மேல இறுக்கிப் பிடிச்சு, அடியில ரெண்டு காயினை அடுக்கி, ஓரத்துலேர்ந்து நடுவுக்கு நகத்துங்க. நூலுக்கும் காயினுக்கும் இருக்கிற இடைவெளி நடுவுல கூடினா பள்ளம், குறைஞ்சா மேடு.

ஒரு கோலியை நடுவுல விட்டா ஒரு பக்கமா ஓடுதா? உடனே போர்டைத் திட்டாதீங்க. போர்டைக் கால் சுத்து திருப்புங்க. கோலி இப்பவும் அறையோட அதே பக்கம் ஓடினா தப்பு மேஜையில. போர்டோட சேர்ந்து திசை மாறினா தப்பு போர்டுல. (இந்தச் சோதனையை அன்னைக்கே பண்ணியிருந்தா எனக்கு இந்த த்ரெட்டே இல்ல.)

சட்டம் மரமா, கெட்டியாங்கிறதுக்கு நேரா ஒரு அடி, சாய்வா ஒரு அடி. நேரா அடிச்சது அதே கோட்டுல திரும்பணும். சாய்வா போனது கண்ணாடியில பட்ட வெளிச்சம் மாதிரி அதே கோணத்துல வரணும். நாலு பக்கமும் அடிச்சுப் பாருங்க. மூலை இணைப்புல நகம் நுழையக் கூடாது. நல்ல சட்டத்துக்குக் கருவேல மரம் போடுவாங்க. நம்ம ராமநாதபுரத்துல இருக்கிறது பெரும்பாலும் சீமைக்கருவேலம். இது அது இல்ல, நாட்டுக் கருவேலம்.

கடைசியா ஓட்டம். 15 கிராம் ஸ்ட்ரைக்கரை முழு பலத்தோட சுண்டினா முன்னும் பின்னுமா குறைஞ்சது 3½ ஓட்டம் ஓடணும்னு சர்வதேச கேரம் கூட்டமைப்போட விதி. அந்தக் கூட்டமைப்பு ஆரம்பிச்சது 1988ல, நம்ம சென்னையில. கொட்டகையில போறதை ஒன்னு, வர்றதை ஒன்னுன்னு எண்ணுவாங்க. நானும் இனி அந்தக் கணக்குலதான் சொல்றேன்.

நம்ம கடற்கரைக்குன்னு தனியா ஒரு விஷயம். போர்டோட மேல்பக்கம் பாலிஷ் இருக்கும், அடிப்பக்கம் பெரும்பாலும் பச்சை மரம். உப்புக் காத்து ஈரத்தை இழுத்து வச்சுக்கும். அடிப்பக்கம் ஊதும், மேல்பக்கம் ஊதாது. விளைவு, பலகை தட்டு மாதிரி குழிஞ்சு, எல்லாக் காயினும் நடுவுக்கே வரும். சாதாரண ப்ளைவுட்டுக்கும் கடல் தண்ணி தாங்குற மெரைன் ப்ளைவுட்டுக்கும் முக்கிய வித்தியாசம் பசையில இருக்கு. மெரைன் கிடைச்சா நல்லது, விலை ஜாஸ்தி. கிடைக்கலைன்னா வாங்கின அன்னைக்கே அடிப்பக்கம் ரெண்டு கோட் வார்னிஷ் அடிச்சுருங்க. சுவத்துல சாய்ச்சு வைக்காதீங்க, தட்டையாப் படுக்க வைங்க.

இப்ப டாக்டரா ஒரு பேச்சு. மட்டமான போர்டை வித்துட்டு "பவுடர் போடுங்க சார், ஓடும்"பாங்க. அண்ணனும் அந்தப் பத்து நாள்ல ரெண்டு டப்பா கொட்டியிருந்தார். அது போரிக் ஆசிட். நல்ல போர்டுக்குச் சிட்டிகை போதும். புண்ணு இருக்கிற கையோட தொடாதீங்க, தோல் கிழிஞ்ச இடம் வழியா உடம்புக்குள்ள போகும். அந்தக் காலத்துல கைக்குழந்தைங்களுக்கு இடுப்புப் புண்ணுல போரிக் பவுடர் போட்டு உயிரே போயிருக்கு. விளையாடிட்டுக் கை கழுவாம சாப்பிடாதீங்க. குழந்தை அள்ளி வாயில போட்டுட்டா வாந்தி எடுக்க வைக்காதீங்க, டப்பாவையும் எடுத்துக்கிட்டு நேரா ஆஸ்பத்திரிக்கு வாங்க.

மரிய இருதயம் உலக சாம்பியன் ஆனதும், 1996ல அர்ஜுனா விருது வாங்கினதும் ஓடாவி ஐயாவுக்கு மனப்பாடம். 2024ல அமெரிக்காவுல காசிமா மூணு தங்கம் ஜெயிச்சப்ப கொட்டகையில மிட்டாய் கொடுத்தாங்களாம். வடசென்னையில ஆட்டோ ஓட்டுறவர் பொண்ணு.

புது போர்டு ராமநாதபுரத்துக் கடையில ஐயாவே வந்து வாங்கிக் கொடுத்தார். கடைக்காரர் ஆறு போர்டு எடுத்துப் போட்டார், ஐயா ஆறையும் தட்டினார். அஞ்சு வேணாம்னுட்டார். கடைக்காரர் முகம் போன போக்கைப் பாக்கணுமே!

அதுக்கப்புறம் பிசியோ அக்கா ஒரு நல்ல வேலை செஞ்சாங்க. அதே போர்டு, அதே ஸ்ட்ரைக்கர், வாரம் ஒரு நாள் மூணு சுண்டு. எத்தனை ஓட்டம்னு கேஸ் ஷீட்டுலயே எழுத ஆரம்பிச்சாங்க. ஒப்பிட்டுப் பாக்க ஐயாவோட விரலுக்கும் ஒரு கணக்கு: ஆறு. அண்ணனுக்கு முதல் வாரம் இரண்டேகால். அப்புறம் மூணு. அதுக்கடுத்த வாரமும் மூணுதான், முகத்தைத் தூக்கி வச்சுக்கிட்டார். ஆனா போர்டைச் சொல்ல முடியல, ஐயா அன்னைக்கும் ஆறு ஓட்டிக் காட்டிட்டார். அதனால அக்கா பயிற்சியை மாத்திக் கொடுத்தாங்க. அடுத்த வாரம் மூணேமுக்கால்.

(எல்லாத் தசைநாண் காயத்துக்கும் கேரம் ஆடலாம்னு எடுத்துக்காதீங்க. எந்த வாரத்துல என்ன செய்யலாம்னு உங்களுக்கு ஆபரேஷன் செஞ்ச டாக்டர்தான் சொல்லணும்.)

நான் வாங்கின பழைய போர்டு? அடிச்சட்டத்தைக் கழட்டிட்டு, பலகையை ஓபி வாசல்ல நோட்டீஸ் ஒட்ட வச்சிருக்கோம். அதுக்குச் சரியா இருக்கு.

ஜூன் 14 மத்தியானம் அண்ணன் வந்தார். மூணு சுண்டு: நாலு, நாலேகால், நாலரை. அக்கா எழுதி முடிக்கிற வரைக்கும் பக்கத்துல நின்னு, நாலரைன்னு எழுதுனாங்களான்னு எட்டிப் பாத்தார். படகுக்கு ஐஸ் ஏத்தணும்னு கிளம்பிட்டார்.