குளம் நம்முடையது, வானம் யாருடையது?

கலேவெலப் பக்கத்துப் பிள்ளைகளின் ஃபோனில் தேவஹுவக் குளம் இல்லாமல் இருக்காது. குளக்கட்டில் ஏறி நின்று ஒரு படம், கட்டுக்குக் கீழே வயலோடு ஒரு படம். கொஞ்ச காலமாக அந்தப் படங்களுக்கெல்லாம் ஒரே நோய். வயல் வைக்கோல் நிறத்தில் கிடக்கிறது. தண்ணீர் மயில்கழுத்து நிறம். நிழல்கள் சாம்பல் பூசினதுபோல வெளுத்திருக்கின்றன. தையில் எடுத்ததா, ஆவணியில் எடுத்ததா என்று கண்டுபிடிக்க வழியே இல்லை.

ஃபிலிம் காலத்திலிருந்து கல்யாணப் படம் எடுத்துவரும் ஸ்டூடியோக்கார நானா ஒருவர் இருக்கிறார். அவரிடம் வேலை பழகும் பையன் அப்படியொரு படத்தை நீட்டினான். கண்ணாடியை நெற்றிக்குத் தூக்கிவிட்டுக்கொண்டு, "இது எந்த ஊர் தம்பி?" என்று கேட்டார்.

"நம்மட தேவஹுவதான் நானா. பிரீசெட் போட்டிருக்கு."

ஒருவர் தன் படத்துக்குச் செய்த நிறத் திருத்தங்களைச் சேமித்து வைத்து, அடுத்த படத்தின்மேல் ஒரே தட்டில் ஏற்றிவிடுவதுதான் பிரீசெட். இயற்கைக் காட்சிக்கென்றே கட்டுக் கட்டாக விற்கிறார்கள். பையனிடம் இருந்தது யாரோ காசு கொடுத்து வாங்கி, வட்ஸ்அப்பில் கைமாறிக் கைமாறி வந்தது. எனக்கும் அனுப்பினான். இந்த வைக்கோல் நிறம் எங்கே புறப்பட்டு இந்தக் குளக்கட்டுக்கு வந்து சேர்ந்தது என்று அறிய வேண்டும்போல் இருந்தது.

கோப்பைக் கணினியில் நோட்பேடில் திறந்தேன். சில கிலோபைட்தான். உள்ளே படம் எதுவும் கிடையாது. பெயர்களும் எண்களும் வரிசையாக நிற்கின்றன. பச்சையின் சாயல் என்ற வரியில் ஒரு பெரிய கழித்தல் எண். லைட்ரூம் மென்பொருளில் பச்சையைக் கழித்தல் பக்கம் தள்ளினால் அது மஞ்சளாகும். நீலத்துக்கும் அதே மாதிரி ஒரு கழித்தல். நீலத்தை அப்படித் தள்ளினால் பச்சை கலந்த நீலம் வரும். குளத்துக்கு மயில்கழுத்து நிறம் கொடுத்தது அந்த வரிதான். அடுத்த வரியில் பச்சையின் செறிவைப் பாதிக்கு மேல் இறக்கியிருந்தார்கள். இருட்டையும் வெளிச்சத்தையும் ஆளும் டோன் கேர்வ் வரியில் முதல் புள்ளி பூச்சியத்தில் தொடங்கவில்லை, அதற்கு மேலே தொடங்கியது. இந்தக் கோப்பு தொட்ட எந்தப் படத்திலும் முழுக் கறுப்பு என்ற ஒன்று இருக்க முடியாது என்று அர்த்தம். ஊர், மாதம், காலையா மாலையா என்பதற்கு மட்டும் ஒரு வரியும் இல்லை.

பச்சையை மஞ்சளாக்கு என்ற இந்தக் கட்டளை யாருக்கு முதலில் தேவைப்பட்டிருக்கும்? தேடிக்கொண்டு போனபோது ஒரு சினிமாவில் போய் முட்டினேன். 1999 கோடையில் கோயன் சகோதரர்கள் 'ஓ பிரதர், வேர் ஆர்ட் தௌ?' படத்தை அமெரிக்காவின் மிசிசிப்பியில் எடுத்தார்கள். கதை 1930களின் பொருளாதார மந்த காலத்தில் நடக்கிறது. புழுதியும் வறட்சியுமாக, பழைய தபால் அட்டை மாதிரி இருக்க வேண்டும் என்று அவர்களுக்கு ஆசை. ஆனால் மிசிசிப்பியோ கோடை மழையில் பச்சைப் பசேலென்று நின்றது. ஒளிப்பதிவாளர் ரோஜர் டீக்கின்ஸ் முதலில் இரசாயன முறையில் முயன்று பார்த்தார், சரிவரவில்லை. கடைசியில் படச்சுருள் முழுவதையும் ஸ்கேன் செய்து, கணினியில் பச்சையை மட்டும் பிடித்துக் காய்ந்த மஞ்சளாக மாற்றினார்கள். படம் 2000இல் வந்தது. ஒரு முழுநீளப் படத்தை முழுவதுமாகக் கணினியில் நிறம் திருத்தியதில் முன்னோடி என்று அதைச் சொல்வார்கள்.

அவர்களுக்கு வறட்சி வேண்டியிருந்தது, கிடைக்கவில்லை, அதனால் செய்துகொண்டார்கள். அதில் குற்றம் சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் கலேவெல எப்படிப்பட்ட இடம்? வடகீழ்ப் பருவமழை பொய்த்தால் பெரும்போகம் போச்சு. சிறுபோகத்தில் தண்ணீர் போதாதென்று பெரிய வெங்காயம் போடும் மண். இங்கே பச்சை என்பது வருஷத்தில் சில மாதம் வந்து போகும் விருந்தாளி. மழைநாட்டில் பச்சை மிஞ்சிப்போய்ச் செய்த மருந்தை, பச்சைக்குக் காத்துக் கிடக்கும் ஊர் தன் வயலுக்குத் தெளித்துக்கொள்கிறது.

சினிமாக்காரர் வேலை பொதுச் சரக்கானது அடோபி லைட்ரூமால்தான். 2006 ஜனவரியில் சோதனைப் பதிப்பு, 2007 பெப்ரவரியில் முதல் பதிப்பு. அதற்கு முன்பே, 1996இல் வந்த ஃபோட்டோஷொப் நான்காம் பதிப்பில், ஒரு வேலை வரிசையைப் பதிவுசெய்து திரும்ப ஓட்டும் 'ஆக்‌ஷன்' வசதி இருந்தது. லைட்ரூமின் வழி வேறு. மூலப் படத்தை அது தொடாது. செய்த திருத்தங்களைக் கட்டளைகளாக மட்டும் தனியே வைத்திருக்கும். தனியே இருப்பதைப் பிரித்தெடுக்கலாம், பிரித்தெடுப்பதை விற்கலாம். 2011இல் தொடங்கிய விஸ்கோ நிறுவனம் கொடக் போர்ட்ரா, ஃபியூஜி 400எச் போன்ற ஃபிலிம்களின் நிறத்தைப் போலி செய்யும் பிரீசெட் கட்டுகளை விற்றுப் பேரெடுத்தது. 2019இல் அந்த விற்பனையை அதுவே நிறுத்திவிட்டது. அதற்குள் உலகம் முழுக்க ஆளாளுக்குக் கடை திறந்திருந்தார்கள்.

ஃபிலிமைப் போலி செய்தார்கள் என்றதும் நானா சிரித்தார். "ரோலை மாத்தினாத்தான் அந்தக் காலத்துல கலர் மாறும். ஃபியூஜி போட்டா பச்சை தூக்கும், கொடக் போட்டா பொண்ணு முகம் நல்லா வரும். கல்யாணத்துக்கு ஒண்டு, டூருக்கு ஒண்டு." அவர் சொன்னது கடைவீதி அனுபவம் மட்டுமல்ல. 1990இல் ஃபியூஜி கொண்டுவந்த வெல்வியா என்ற ஸ்லைட் ஃபிலிமை இயற்கைக் காட்சி எடுப்பவர்கள் தலையில் தூக்கி வைத்துக் கொண்டாடியதற்குக் காரணமே அது பச்சையைக் கொழுக்க வைத்ததுதான். 1990இல் பச்சை கூட வேண்டும், 2000இல் பச்சை சாக வேண்டும். பத்தே வருஷத்தில் ரசனை தலைகீழ்.

இன்னும் பின்னே போனால் நிறமே கிடையாது. ஆனால் பிரீசெட் இருந்தது, வானத்தில். 1870–71இல் இலங்கை அரசுக்காக ஜோசப் லாட்டன் சீகிரியாவையும் பொலன்னறுவையையும் அநுராதபுரத்தையும் படமெடுத்தார். அக்காலக் கண்ணாடித் தகடு நீல ஒளிக்கு மட்டும் அளவுக்கு மீறி மயங்கும். மரத்துக்கும் பாறைக்கும் ஒளி போதுமென்று விட்டால் வானம் எரிந்து வெள்ளைத் தாளாகிவிடும். அந்தக் காலத்துக் காட்சிப் படங்களில் வானம் மொட்டையாக நிற்பது இதனால்தான்.

இதற்குப் பிரான்சில் குஸ்தாவ் லெ க்ரே 1850களின் நடுவிலேயே வழி கண்டிருந்தார். கடலுக்கு ஒரு நெகட்டிவ், மேகத்துக்கு ஒரு நெகட்டிவ். இரண்டையும் அடிவானக் கோட்டில் பொருத்தி ஒரே அச்சு. மேகம் நன்றாக விழுந்த நெகட்டிவை அவர் வீணாக்கவில்லை, வேறு கடலுக்கும் அதே வானத்தைப் போட்டார். வெவ்வேறு இடத்தில் எடுத்த படங்களில் அச்சுப் பிசகாத ஒரே மேகம். இன்று ஃபோனில் 'வானம் மாற்று' என்று தட்டுகிறோமே, அதன் பாட்டன் இவர்தான்.

தமிழ் மண்ணில் வானத்தில் கைவைத்தவர் லின்னேயஸ் டிரைப் என்ற கப்டன். சென்னை மாகாண அரசின் புகைப்படக்காரராக 1857 கடைசியில் புறப்பட்டு ஸ்ரீரங்கம், திருச்சி, மதுரை, தஞ்சாவூர் என்று சுற்றியவர். தஞ்சைப் பெரிய கோயிலின் அடித்தளக் கல்வெட்டை 21 படங்களாக எடுத்து, ஒட்டி, ஒரே நீளச் சுருளாக்கியவர். மெழுகு ஏற்றிய காகித நெகட்டிவைத்தான் பெரும்பாலும் பயன்படுத்தினார். தூரிகையை எடுத்து அந்தக் காகிதத்திலேயே மையால் மேகம் தீட்டுவார். நெகட்டிவில் தீட்டிய இடத்தில் ஒளி நுழையாது, அச்சில் அது வெள்ளை மேகமாக விழும். மரத்தின் இலைகளுக்கும் இப்படிக் கைவைத்திருக்கிறார். கல்வெட்டில் ஓர் எழுத்தும் பிசகக் கூடாதென்று பார்த்த அதே ஆள், வானத்தைத் தன் கையால் செய்துகொண்டார்! மாகாணத்துக்குப் புதிதாக வந்த கவர்னர் டிரெவெல்யன், இதெல்லாம் அரசாங்கத்துக்கு வீண்செலவு என்று அந்த வேலையையே நிறுத்திவிட்டார்.

லெ க்ரேயும் டிரைப்பும் தங்கள் தகட்டின், காகிதத்தின் குறை என்னவென்று அறிந்து அதற்கு மருந்து போட்டவர்கள். கமராவுக்கும் முந்திய பிரீசெட் ஒன்று உண்டு, அதற்கு அந்த நியாயமும் கிடையாது. 18ஆம் நூற்றாண்டு இங்கிலாந்தில் சுற்றுலாப் போனவர்கள் 'கிளாட் கண்ணாடி' என்ற கறுத்த, சற்றே புடைத்த சிறு கண்ணாடியைப் பையில் வைத்திருந்தார்கள். ஏரியைப் பார்க்க வந்தவர் ஏரிக்கு முதுகைக் காட்டி நின்று, கண்ணாடியில் விழும் ஏரியைப் பார்ப்பார். காட்சி சுருங்கி, நிறங்கள் மங்கி, கிளாட் லொரேன் என்ற ஓவியர் தீட்டிய படம் மாதிரித் தெரியும். கவிஞர் தோமஸ் கிரே 1769இல் ஏரி மாவட்டத்தில் அந்தக் கண்ணாடியோடுதான் நடந்தார். ரோம் நகருக்கு வெளியே ஒரு பிரெஞ்சுக்காரர் முந்திய நூற்றாண்டில் கண்ட மாலை வெயில், இங்கிலாந்தின் மழைக்கால ஏரிமேல் ஏறியது. நான் போன வழியில் இதற்கு மேல் பழையது அகப்படவில்லை.

இரவல் வாங்குவதே பாவம் என்று நான் சொல்லவரவில்லை. கொழும்புப் புகைப்படக் கலைஞர் லயனல் வென்ட், ஒளியையும் நிழலையும் தலைகீழாக்கும் சொலரைசேஷன் உத்தியை மேற்கத்தியரிடமிருந்துதான் எடுத்தார். ஆனால் இருட்டறையில் தானே நின்று, இந்தப் படத்துக்கு இது பொருந்துமா என்று பார்த்துச் செய்தார். பிரீசெட் வாங்குகிறவர் தவறவிடுவது அந்தப் பார்வையைத்தான். வட நாடுகளில் மாலை வெயில் மணிக்கணக்கில் சாய்ந்து கிடக்கும். இங்கே ஏப்ரலில் சூரியன் உச்சந்தலைக்கு நேரே நிற்கும், அந்தி வந்ததும் போய்விடும். அந்த வெயிலுக்குத் தைத்த சட்டை இந்த வெயிலுக்குச் சேராது.

ஆகவே பிள்ளைகளுக்கு ஒரு வேலை. அடுத்த பெரும்போகத்தில் நாற்று தலை நிமிர்ந்ததும் குளக்கட்டுக்குப் போங்கள். படத்தை எடுத்து, வயலைப் பார்த்துக்கொண்டே அங்கேயே பச்சையைச் சரிசெய்யுங்கள். 'தேவஹுவ, தை, காலை' என்று பெயர் வைத்துச் சேமியுங்கள், நண்பர்களுக்கும் அனுப்புங்கள். வாங்கின பிரீசெட்டைத்தான் போடுவேன் என்றால், போட்ட பிறகு பச்சை, நீலம் இரண்டின் சாயலையும் பூச்சியத்துக்குக் கொண்டுவந்து ஒருமுறை பாருங்கள். மிச்சம் பிடித்திருந்தால் தாராளமாக வைத்துக்கொள்ளலாம்.