குளிர் மாநிலத்துக்குப் போவதா, இங்கேயே இருப்பதா?



போன ஜூன் மாதம் ஒரு மாலை, ஸ்ரீவில்லிபுத்தூர் பேருந்து நிலையம் பக்கத்தில் ஒரு டீக்கடையில் நானும் என் அக்கா மகளும் உட்கார்ந்திருந்தோம். அவளுக்கு இரண்டு இடத்தில் எம்.எஸ்சி. சீட் கிடைத்திருந்தது. ஒன்று மதுரையில். இன்னொன்று, பொது நுழைவுத் தேர்வு வழியாக, இமாச்சலப் பிரதேசத்தில் ஒரு மத்தியப் பல்கலைக்கழகத்தில். மதுரையைத் தாண்டி அவள் போனதே இல்லை. அக்கா ராஜபாளையம் பக்கம் சத்திரப்பட்டியில் பேண்டேஜ் துணி நெய்யும் தறியில் வேலை பார்க்கிறாள். “எனக்கு என்ன தெரியும்? உன் மாமன்கிட்ட கேளு” என்று மகளை என்னிடம் அனுப்பிவிட்டாள்.

“மாமா, போகவா வேண்டாமா?”

“நோட்டை எடுத்தா. நடுவுல கோடு போடு. ஒரு பக்கம் லாபம், ஒரு பக்கம் நட்டம்.”

நட்டத்தின் கீழ் அவள் முதலில் எழுதியது ‘குளிர்’. சித்திரை வெயிலில் தகர ஷீட்டுக்குக் கீழே தூங்கிப் பழகிய உடம்பு அது. ஜனவரி இரவில் அங்கே வெப்பநிலை ஒற்றை இலக்கத்துக்கு இறங்கும். ஜாக்கெட், கம்பளி, ரஜாய், ஷூ எல்லாமே காசு. போக மூன்று நாள் ரயில், வர மூன்று நாள் ரயில். வீட்டில் ஒரு சாவு விழுந்தால் முகம் பார்க்க வந்து சேர முடியாது. இதையும் அவளே எழுதினாள்.

பிறகு நான் நோட்டை வாங்கினேன். இரண்டு வரி சேர்த்தேன். ‘வழக்கு’, ‘மாலை வகுப்பு’.

எங்கள் தெருவில் நடந்த ஒரு தாக்குதல் தொடர்பாக வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில் ஒரு வழக்கு விசாரணைக்கு வந்திருக்கிறது. நேரில் பார்த்த சாட்சி அவள். அவள் ஊரை விட்டுப் போனால் எதிர்த்தரப்பு சந்தோஷப்படும் என்பது எனக்குத் தெரியும். மாலை வகுப்பு, நாற்பது பிள்ளைகளுக்கு அவள் மூன்று வருடமாக நடத்தி வருவது. கணக்கு, அறிவியல் இரண்டும் அவள்தான்.

லாபத்தின் பக்கம் வெறுமையாக இருந்தது. அதை நிரப்ப நான் என் கதையைச் சொல்ல வேண்டியிருந்தது.

இருபத்தைந்து வயதில் நான் ஒரு குளிர்காலம் முழுக்க டெல்லியில் வேலை பார்த்தேன். முதல் மாதம் பல் கிட்டியது. ஆனால் அந்த மாதத்தில்தான் எனக்கு இன்னொன்றும் நடந்தது. தெருவில் நடக்கும்போது என்னைப் பார்க்கிற யாருக்கும் நான் எந்தத் தெருக்காரன் என்று தெரியாது. அவர்களுக்கு நான் வெறும் ‘மதராசி’. நம் ஊர் டீக்கடையில் எங்கே நிற்க வேண்டும், யாரைக் கண்டால் துண்டை இறக்க வேண்டும் என்றெல்லாம் அப்பா காலத்திலிருந்து உடம்பில் ஏறிய கணக்கு ஒன்று இருக்கிறதே, அது அங்கே தேவைப்படவில்லை. என் முதுகு அதற்கு முன் எவ்வளவு வளைந்திருந்தது என்பதே நிமிர்ந்த பிறகுதான் தெரிந்தது.

அண்ணல் அம்பேத்கர் 1913இல் நியூயார்க்கின் கொலம்பியா பல்கலைக்கழகத்துக்குப் போனார். வெளிநாட்டில் கழித்த அந்த ஆண்டுகளில், தான் தீண்டத்தகாதவன் என்ற நினைப்பே மனதிலிருந்து அழிந்துபோயிருந்தது என்று பின்னாளில் எழுதினார். 1917இல் வேலைக்காக பரோடா திரும்பியபோது தங்க ஓர் அறை கிடைக்கவில்லை. பார்சி விடுதி ஒன்றில் தங்கினார். சில நாளில் தடியோடு வந்து விரட்டினார்கள். போனதால் அவர் பெற்றது எவ்வளவு பெரியது என்பதும், அந்தப் படிப்பை ஊர் எப்படி வரவேற்றது என்பதும் இந்த ஒரே கதையில் இருக்கிறது.

என் டெல்லிக் கதையும் அங்கே முடியவில்லை. வாடகைக்கு அறை தேடியபோது வீட்டுக்காரர் பெயரைக் கேட்டார். சொன்னேன். “அதற்குப் பின்னால் என்ன?” என்றார். நமக்கு முன்னால் இனிஷியல்தான் உண்டு, பின்னால் எதுவும் கிடையாது. அவருக்கு அது போதவில்லை. அறை கிடைக்கவில்லை.

இமாச்சலுக்கும் இது பொருந்தும். 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி அங்கே பட்டியல் சாதியினர் 25 சதவீதத்துக்கும் மேல். தமிழ்நாட்டில் 20 சதவீதம். பனி மலை, ஆப்பிள் தோட்டம் என்று படத்தில் பார்க்கிற ஊரில் நம்மைப் போன்றவர்கள் நான்கில் ஒருவர். 2018 பிப்ரவரியில் குல்லு மாவட்டத்தில் ஒரு பள்ளி நிகழ்ச்சியின்போது தங்களைத் தனியே வெளியில் உட்கார வைத்தார்கள் என்று தலித் மாணவர்கள் எழுதிக் கொடுத்த புகார் நாடு முழுக்கச் செய்தியானது. அதே ஆண்டு செப்டம்பரில் சிர்மௌர் மாவட்டத்தில் தகவல் உரிமைக்காகப் போராடிய தலித் வழக்கறிஞர் கேதார் சிங் ஜிந்தான் கொல்லப்பட்டார். கடல் தாண்டினாலும் இதேதான். குளிர் ஊரான சியாட்டில் 2023இல் சாதிப் பாகுபாட்டைத் தடைசெய்து சட்டம் போட்டது. சாதி அங்கே போய்ச் சேராமல் இருந்திருந்தால் அந்தச் சட்டத்துக்கு என்ன வேலை?

அடுத்தது சட்டம். மாணவர்கள் இதைக் கவனமாகப் படியுங்கள். பட்டியல் சாதிகளின் பட்டியல் மாநிலம் மாநிலமாகத்தான் போடப்பட்டிருக்கிறது. அரசமைப்பின் 341ஆம் பிரிவு, 1950ஆம் ஆண்டு ஆணை. ஒரு மாநிலத்தின் பட்டியல் சாதிக்காரர் வேறு மாநிலத்தில் குடியேறினால், அந்த மாநில அரசின் இடஒதுக்கீட்டை அங்கே கேட்க முடியாது. உச்ச நீதிமன்றம் 1990இல் மர்ரி சந்திரசேகர ராவ் வழக்கிலும், 2018இல் பீர் சிங் வழக்கிலும் இதைச் சொல்லிவிட்டது. மத்தியப் பல்கலைக்கழகத்திலும் மத்திய அரசு வேலையிலும் 15 சதவீத ஒதுக்கீடு எங்கிருந்து போனாலும் உண்டு. ஆக, அவள் படிக்கப் போனால் உரிமை கூடவே போகும். அங்கேயே தங்கி மாநில அரசு வேலை தேடினால் பொதுப்பிரிவுதான். உதவித்தொகையில் கவலை வேண்டாம். போஸ்ட் மெட்ரிக் உதவித்தொகையை வெளிமாநிலத்தில் படித்தாலும் சொந்த மாநிலம்தான் தர வேண்டும். குடும்ப ஆண்டு வருமானம் இரண்டரை லட்சத்துக்குள் இருக்க வேண்டும்.

மலைக்குளிர் நம் ஆட்களுக்குப் புதிதும் அல்ல. மூணாறு, வால்பாறை, மாஞ்சோலை என்று தென்மாவட்டத்திலிருந்து தேயிலை பறிக்க ஏறியவர்களில் நம்மவர்கள் எத்தனை பேர்! சேரியை விட்டுப் போனார்கள். ஆனால் அங்கே அவர்களுக்குக் கிடைத்த வீடு அவர்களுடையது அல்ல. 2020 ஆகஸ்டில் பெட்டிமுடி நிலச்சரிவில் எழுபது பேர் மண்ணோடு போனது அப்படிப்பட்ட லயன் வீடுகளில்தான். 2024இல் மாஞ்சோலையில் தோட்ட வேலை நிறுத்தப்பட்டபோது வேலையோடு வீட்டையும் விட்டு இறங்கச் சொன்னார்கள். எங்கே போனாலும், அங்கே நமக்கென்று எது சொந்தம் என்பதைக் கேட்டுவிட்டுப் போக வேண்டும். இவள் கொண்டு வரப்போவது ஒரு பட்டம். அதை யாரும் காலி செய்யச் சொல்ல முடியாது.

எல்லாவற்றையும் கேட்டுவிட்டு அவள் நோட்டைத் திருப்பி என் பக்கம் வைத்தாள்.

“மாமா, இந்த நட்டத்துல பாதி உங்க கணக்கு. வழக்கு எனக்கும் வேணும்தான், வகுப்பும் வேணும்தான். ஆனா நான் இங்கேயே இருந்தாத்தான் அது நடக்கும்னா, அது இயக்கமா மாமா?”

எனக்குப் பதில் வரவில்லை. முப்பது வருடமாகப் பிள்ளைகளைப் படி, வெளியே போ என்று மேடையில் பேசியவன் நான். என் வீட்டுப் பிள்ளை போகிறேன் என்றதும் சங்கிலி தேடியிருக்கிறேன். அவள் இருந்தால் எனக்கு வேலை சுலபம் என்பதை ‘சமூகக் கடமை’ என்று எழுதியிருக்கிறேன். அக்கறையோடு பேசுகிற மூத்தவர்களிடமும் இந்தத் தப்பு உண்டு. கவனியுங்கள்.

பிறகு இருவரும் சேர்ந்து வேறு ஒரு பட்டியல் போட்டோம். வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் 15ஏ பிரிவு சாட்சியின் பயணச் செலவுக்கும் தங்கும் செலவுக்கும் வழி சொல்கிறது. 2016 ஜனவரியிலிருந்து அது நடைமுறையில் இருக்கிறது. அரசு வழக்கறிஞரிடம் அவளுடைய புது முகவரியை முதலிலேயே கொடுத்துவிடுவது என்று முடிவு செய்தோம். மாலை வகுப்பை அவளிடம் படித்த இரண்டு பேரிடம் ஒப்படைத்தோம். தாசில்தாரிடம் சாதிச் சான்றிதழை மத்திய அரசுப் படிவத்திலும் வாங்கினோம். திரும்பி வரும் டிக்கெட்டுக்கான பணத்தைத் தனியாக வங்கியில் போட்டோம். எப்போது வேண்டுமானாலும் அவள் கிளம்பி வர முடிய வேண்டும், யாரிடமும் கேட்காமல்.

ஆகஸ்டில் போனாள். ஜனவரியில் ஒரு நாள் போன் செய்தாள்.

“தண்ணியத் தொட்டா கை செத்துப் போகுது மாமா.”

“பேருக்குப் பின்னால என்னன்னு கேட்டாங்களா?”

“ரெண்டாம் நாளே கேட்டாங்க. அப்பா பேரச் சொன்னேன். திரும்பக் கேட்டாங்க. நானே சொல்லிட்டேன், எஸ்.சி.ன்னு. ரூம்ல ஒருத்தி ஒரு வாரம் பேசல. இன்னொருத்தி, நானும்தான்னா.”

போகலாமா வேண்டாமா என்று எனக்கு எழுதிக் கேட்கிற தம்பி தங்கைகளுக்கு இதைத்தான் சொல்கிறேன். குளிரையும் காசையும் எழுதுங்கள். சாதி அங்கேயும் இருக்கும் என்று எழுதுங்கள். எந்த உரிமை கூட வரும், எது வராது என்று விசாரித்து எழுதுங்கள். பிறகு அந்த நோட்டில் எது உங்கள் கணக்கு, எது மற்றவர்கள் எழுதியது என்று பிரித்துப் பாருங்கள். போனவர்களை ஓடிப்போனவர்கள் என்று நாம் பேச வேண்டாம். இருப்பவர்களைப் பிழைக்கத் தெரியாதவர்கள் என்றும் பேச வேண்டாம்.

அவளுக்குச் சம்மன் வந்திருக்கிறது. பிப்ரவரியில் சாட்சி சொல்ல வருகிறாள். டிக்கெட்டை அவளே போட்டுவிட்டாள்.

ஜெய் பீம்.