செவலை

எங்கள் பாட்டிக்கு மாடு என்றால் உயிர். காப்பார் சாலைப் பக்கம் இருந்த தோட்டத்தில், லயத்துக்குப் பின்னால் கொட்டகை போட்டு, எழுபது வயது வரை தம் கையாலேயே பால் கறந்தவர். ஆனால் ஒரு சொட்டுப் பால் அவர் நாவில் பட்டு நாங்கள் பார்த்ததில்லை. விடியற்காலையில் எங்களுக்கெல்லாம் பால் காப்பி ஆற்றிக் கொடுத்துவிட்டு, தமக்கு மட்டும் வரக்காப்பி ஊற்றிக்கொண்டு வாசற்படியில் உட்கார்ந்துவிடுவார். "பால் எனக்கு ஒத்துக்காது" என்பார். நாங்களும் நம்பினோம்.

நான் பயிற்சி முடித்துத் தோட்டப் பள்ளியில் வேலைக்குச் சேர்ந்த புதிதில், பிள்ளைகளுக்கு ஜப்பான்காரன் காலத்தைப் பற்றிச் சொல்ல வேண்டி வந்தது. 1941 டிசம்பர் 8-இல் கோத்தா பாருவில் இறங்கியவன், 1942 ஜனவரி 11-இல் கோலாலம்பூருக்குள் நுழைந்துவிட்டான் என்று தேதிகள் எனக்குத் தெரியும். தோட்டத்து ஜனங்கள் எப்படிப் பிழைத்தார்கள் என்பது தெரியாது. பாட்டியிடம் கேட்டேன். முதலில் "இச்சி, நீ, சான்" என்று விரல் மடக்கி எண்ணிக் காட்டிச் சிரித்தார். அப்புறம்தான் செவலையின் கதை வந்தது.

அப்போது பாட்டிக்கு எட்டு வயது. சண்டைக்கு ஒரு வருஷம் முன்னால் அவருடைய அப்பா ஒரு கிடேரிக் கன்றை வாங்கிவந்து, "இது உன் பொறுப்பு" என்று கயிற்றை மகள் கையில் கொடுத்திருக்கிறார். அன்றிலிருந்து இரண்டும் ஒட்டிக்கொண்டன. இவர் கூப்பிட்டால்தான் அது வரும். இவர் பக்கத்தில் நின்றால்தான் தண்ணீர் குடிக்கும். காய்ச்சலில் இவர் படுத்திருந்தபோது லயத்து வாசலில் வந்து நின்று கத்தியதாம்.

ஜப்பான்காரன் வந்ததும் ரப்பருக்குக் கப்பல் இல்லை. பால் வெட்டு நின்றது. நின்ற மரங்களைச் சுற்றிக் காடு மண்டியது. பல இடங்களில் மரத்தைச் சாய்த்துவிட்டு மரவள்ளி நட்டார்கள். அரிசி கண்ணில் படுவது அபூர்வம். மூன்று வேளையும் கிழங்குதான். உடுத்தத் துணியில்லாமல் சாக்கைக் கட்டியவர்கள் உண்டு. காலெல்லாம் புண். வாழைமரம் போட்ட நோட்டுக் கட்டைக் கொடுத்தாலும் கடையில் உப்பு கிடைக்காது.

மாட்டுக்கும் பஞ்சம்தான். மரவள்ளித் தழையைப் பச்சையாகப் போட்டால் விஷம், மாடு செத்துப் போகும் என்று அப்பா சொல்லிக் கொடுத்ததால், வெயிலில் நன்றாகக் காயவைத்துத்தான் கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுப்பாராம். சிப்பாய்கள் லாரியில் வந்தால் ஆடு, கோழி, மாடு எதுவும் மிஞ்சாது. லாரிச் சத்தம் கேட்டதும் கழுத்து மணிக்குள் துணியை அடைத்து, செவலையை வாய்க்காலுக்கு அப்பால் காடு பிடித்துக் கிடந்த பழைய வெட்டுக்காட்டுக்குள் ஓட்டிவிடுவார். கன்று ஈன்ற பிறகு கன்றையும் சேர்த்து ஓட்டினார்.

அது கன்று போட்டது 1942 கடைசியில். அந்த வருஷந்தான் பாட்டியின் தம்பியும் பிறந்திருந்தார். வெறும் கிழங்கு தின்ற தாய்க்குப் பால் வற்றிப் போயிற்று. செவலையின் பாலில்தான் குழந்தை பிழைத்தது. மிச்சம் அரைப் போத்தல் கிராணி வீட்டுக்குப் போகும்.

1943-இல் சயாமுக்கு ஆள் பிடித்தார்கள். தாய்லாந்தின் பான் போங்கிலிருந்து பர்மாவின் தான்பியுசயாட் வரை 415 கிலோமீட்டர் ரயில் பாதை. மூன்று மாத வேலை, நாளுக்கு ஒரு வெள்ளி என்றார்களாம். மலாயாவிலிருந்து 70,000 பேருக்கு மேல் போனார்கள், பெரும்பாலும் நம் தோட்டத்துத் தமிழர்கள். இதைப் படிக்கும் வீடுகளில் எத்தனையோ வீட்டில் அப்படிப் போன ஒருவர் பெயர் இருக்கும்.

பெயர்ப் பட்டியல் கிராணி கையில் இருந்தது. ஒரு நாள் சாயங்காலம் அவர் பாட்டியின் அப்பாவைக் கூப்பிட்டு, "மாட்டக் கொண்டாந்து என் கொட்டாயில கட்டிடு. உன் பேர அடிச்சிடறேன்" என்றாராம். அப்பா வீட்டுக்கு வந்து அம்மாவிடம் மெதுவாகச் சொன்னதைப் படுத்திருந்த பிள்ளை கேட்டுவிட்டது. சயாம் என்றால் என்னவென்று அந்த வயதுக்குத் தெரியாது. காலையில் செவலை போய்விடும் என்பது மட்டும் தெரியும்.

கோழி கூவுமுன் எழுந்து, மணியில் துணியை அடைத்து, மாட்டையும் கன்றையும் வெட்டுக்காட்டுக்குள் ஓட்டிக்கொண்டு போய்விட்டார். அன்று பகலெல்லாம் லயத்திலிருந்து பெயர் சொல்லிக் கூப்பிட்ட சத்தம் கேட்டதாம். அப்பாவின் குரல்தான். பதில் சொல்லவில்லை. ராத்திரி மாட்டின் வயிற்றோடு ஒட்டிப் படுத்துக்கொண்டார். மறுநாள் லாரிச் சத்தம் வந்தது, போனது. மழையும் பசியும் தாங்காமல் அதற்கு அடுத்த நாள் திரும்பி வந்தபோது வீட்டில் அப்பா இல்லை.

"அம்மா என்ன அடிக்கவே இல்ல. அடிச்சிருக்கலாம்" என்றார் பாட்டி.

பக்கத்து லயத்துக்காரர் ஒருவர் இரண்டு ஆட்டைக் கொடுத்தும் அவர் பெயர் அடிபடவில்லை, அதே லாரியில்தான் ஏறினார். "குடுத்தவன் மட்டும் தப்பிச்சானா?" என்று தாய் பலமுறை தேற்றியிருக்கிறார். என் கணக்கிலும் அதுதான் நியாயம். பாட்டியிடம் சொல்லிப் பார்த்தேன். "உனக்குத் தெரியாது" என்று முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

1946-இல் சயாமிலிருந்து ஆட்கள் ரயிலில் திரும்புகிறார்கள் என்று கேள்விப்பட்டு, தாயும் மகளும் பிரிக்பீல்ட்ஸ் ரயில்வே குவார்ட்டர்ஸில் இருந்த உறவினர் வீட்டில் போய்த் தங்கினார்கள். முந்தின வருஷம் மார்ச் மாதம் ரயில்வே யார்டைக் குறிவைத்து அமெரிக்க விமானங்கள் போட்ட குண்டில், பக்கத்தில் இருந்த சிலாங்கூர் மியூசியத்தின் ஒரு பகுதி இடிந்து கிடந்தது. அந்த இடத்தில்தான் இப்போது தேசிய அரும்பொருளகம் நிற்கிறது. பள்ளிப் பிள்ளைகளை அங்கே அழைத்துப் போகும்போதெல்லாம் எனக்கு அந்த இரண்டு பேரும் நினைவுக்கு வருவார்கள். தினமும் ஸ்டேஷனுக்குப் போய், எலும்பும் தோலுமாக இறங்குகிறவர்கள் முகத்தையெல்லாம் பார்த்திருக்கிறார்கள். ஆறாம் நாள் பக்கத்துத் தோட்டத்துக்காரர் ஒருவர் இறங்கினார். அவர்தான் சொன்னார்: காலரா; அங்கேயே எரித்துவிட்டார்கள். இறந்து போன வெள்ளைக்காரச் சிப்பாய்களுக்குக் காஞ்சனபுரியில் ஏறக்குறைய 7,000 கல்லறை வரிசையாக இருக்கிறது. அப்பாவுக்கு அடையாளம் என்று ஒரு கல்கூட இல்லை.

அந்த மனிதர் போகும்போது இன்னொன்றும் சொன்னாராம்: "எம் பொண்ணு மாட்ட ஓட்டிக்கிட்டு காட்டுக்குள்ள ஓடிட்டா, கிராணிய ஏமாத்திட்டான்னு சொல்லிச் சொல்லிச் சிரிப்பாரு உங்கப்பா. பையன் பால் குடிச்சிப் பொழச்சிக்குவான்னு சொல்லுவாரு."

"நிஜமா அப்படிச் சொன்னாரா பாட்டி?" என்று கேட்டேன்.

"யாரு கண்டா? ஸ்டேஷன்ல நான் அழுத அழுகையப் பாத்துட்டு அந்த ஆளு கட்டிச் சொல்லியிருப்பாரு" என்றார்.

செவலை அதற்கப்புறமும் பல வருஷம் இருந்தது. விற்கவே இல்லை. கிழமாகிச் செத்தபோது லயத்துப் பின்புறமே புதைத்தார்களாம். இப்போது அந்த இடத்தில் வீட்டு மனைகள் வந்துவிட்டன.

பாட்டி 2016-இல் காலமானார். பதினாறாம் நாள் படையலில் எல்லாருக்கும் வைப்பதுபோல் அம்மா பால் காப்பி வைத்தார். சின்னத் தாத்தா, அதாவது செவலையின் பாலில் வளர்ந்த அந்தத் தம்பி, ஒன்றும் பேசாமல் எழுந்து வந்து அந்தக் கிளாசை எடுத்தார். அடுப்படிக்குப் போய், தாமே ஒரு கிளாஸ் வரக்காப்பி கலக்கிக்கொண்டு வந்து அந்த இடத்தில் வைத்தார்.