நிகழாத தீமையின் காவலர்

சண்டைப்படம் என்ற சொல்லைக் கேட்டதும் முகஞ்சுழிப்பது கற்றோர் பலரிடையே ஒரு வழக்கமாகிவிட்டது. அடியும் உதையும் மலிந்த படத்திற் சிந்திப்பதற்கு என்ன இருக்கிறது என்பது அவர்தம் வினா. அவ்வினாவில் நியாயம் இல்லாமலில்லை. நல்லவன் ஒருவன், தீயவர் பலர், இடையில் ஓர் அநீதி, ஈற்றில் ஒரு பெருஞ்சண்டை என்னும் வாய்பாட்டினுள் அடங்கிவிடும் படங்களே பெரும்பான்மையானவை. எனினும், ஒரு சமுதாயம் தன் அச்சங்களை மறைக்காது வெளியிடுவது இத்தகைய வெகுசனப் படைப்புக்களிலேயே என்பதும் மனங்கொள்ளத்தக்கது. அது யாரைக் கண்டு அஞ்சுகிறது, தன்னைக் காப்பதற்கு எத்தகைய மனிதன் வரவேண்டுமென்று ஏங்குகிறது என்பவற்றை ஆராய்ச்சி நூல்களைக் காட்டிலும் சண்டைப்படங்கள் சிலவேளைகளில் நேர்மையாகச் சொல்லிவிடுகின்றன. 2024 செப்ரெம்பர் 13 ஆம் நாள் நெட்பிளிக்ஸ் வாயிலாக வெளியான தென் கொரியத் திரைப்படம் ஒன்று இதற்குத் தக்க சான்றாகும்.

உலக அரங்கில் ‘ஒபிசர் பிளாக் பெல்ற்’ என்னும் ஆங்கிலப் பெயரால் அறியப்படும் அப்படத்தின் கொரியப் பெயர் ‘முடோ சில்முக்வான்’ என்பதாகும். தற்காப்புக் கலையில் தேர்ந்த களப்பணி ஊழியர் என்று அதனைத் தமிழில் விளக்கலாம். இது கதாசிரியரின் கற்பனையிற் பிறந்த பதவியன்று. பாலியல் வன்முறைக் குற்றவாளிகள் தண்டனை முடிந்து வெளிவந்த பின்னரும் அவர்களுடைய கணுக்காலில் மின்னியற் பட்டியொன்றைப் பூட்டி, அவர்கள் செல்லும் இடங்களைக் கண்காணிக்கும் முறை தென் கொரியாவில் 2008 செப்ரெம்பர் மாதம் நடைமுறைக்கு வந்தது. பிள்ளைகளைக் கடத்தியோர், கொலைஞர், கொள்ளையர் ஆகியோருக்கும் அது பின்னர் விரிவாக்கப்பட்டது. பட்டியை அறுத்துக்கொண்டு ஓடுபவனையும், விலக்கப்பட்ட இடத்தில் நுழைபவனையும், வெறிகொண்டு எதிர்ப்பவனையும் நேரில் எதிர்கொள்ள வேண்டியவர் நன்னடத்தை உத்தியோகத்தர். எழுதுகோலுக்கும் கோப்புக்கும் பழகிய கைகள் அதற்குப் போதா என்பது கண்டே, தற்காப்புக் கலையறிந்த ஊழியர்கள் 2013 ஆம் ஆண்டு முதல் அவருக்குத் துணையாக அமர்த்தப்பட்டனர். அவர்கள் பொலிசார் அல்லர். உத்தியோகத்தரின் அருகே நிற்பதும், அவருக்கு விழும் அடியைத் தாங்குவதும், அடிக்க வருபவனை அடக்குவதுமே அவர்களின் கடமை.

படத்தின் நாயகன் லீ ஜொங்-டோ அப்பதவியை நாடிப் போனவன் அல்லன். தந்தையின் கோழிப்பொரியற் கடையில் உதவிசெய்து, பொரித்த கோழியை வீடுவீடாகக் கொண்டுசென்று கொடுக்கும் இளைஞன் அவன். தைக்குவொண்டோ, ஜூடோ, வாட்பயிற்சி ஆகிய மூன்றிலும் மும்மூன்று ‘டான்’ தரம் பெற்றவன், கூட்டினால் ஒன்பது. இத்தனை வித்தையையும் அவன் கற்றது யாரையும் காப்பதற்காகவன்று. அவை இன்பமூட்டின, ஆகவே கற்றான். எதைச் செய்வதற்கும் அவன் வைத்திருக்கும் அளவுகோல் ஒன்றே: அது சுவையாக இருக்கிறதா? நண்பரோடு ஆடும் கணினி விளையாட்டும், பயிற்சிக்கூடத்திலே ஒருவனை வீழ்த்துவதும் அவனுக்கு ஒரே தராசின் இரு தட்டுக்கள்.

ஒருநாள் வீதியிலே, கணுக்காலிற் பட்டி அணிந்த ஒருவன் களப்பணி ஊழியர் ஒருவரைத் தாக்குவதைக் காண்கிறான். குறுக்கிட்டு ஊழியரைக் காப்பாற்றுகிறான். காயமுற்றவர் குணமாகி வரும்வரை அவருடைய இடத்திற் பணியாற்ற முடியுமா என்று நன்னடத்தை உத்தியோகத்தர் கிம் சொன்-மின் அவனைக் கேட்கிறார். இளைஞன் இசைகிறான். பொதுநலப் பற்று அவனை அழைத்துச் சென்றது எனக் கூறமுடியாது. இதுவும் சுவையான காரியமாக இருக்கலாம் என்ற எண்ணமே அவனை அழைத்துச் சென்றது.

இந்த இடத்திலேதான் நெறியாளரின் நுட்பம் புலப்படுகிறது. கிம் ஜூ-ஹ்வான் இதற்கு முன்னரும் இளைஞரின் கைவலியைக் கதைப்பொருளாக்கியவர். 2017 இல் வெளிவந்த ‘மிட்நைற் ரன்னர்ஸ்’ படத்தில், கடத்தப்பட்ட பெண்ணைத் தேடிப் பொலிஸ் கல்லூரி மாணவர் இருவர் புறப்படுகின்றனர். 2023 இல் வந்த ‘பிளட்ஹவுண்ட்ஸ்’ தொடரில், வட்டிக்கொடுமைக்கு எதிராகக் குத்துச்சண்டை வீரர் இருவர் எழுகின்றனர். அவர்களுக்குச் சீற்றம் முதலிலேயே இருந்தது. ஜொங்-டோவுக்கோ சீற்றமே இல்லை. தீமை என்பது எத்தகையது என்று அறியாத ஒருவனிடம் அளவுகடந்த வலிமையைக் கொடுத்துவிட்டு, அவ்வறிவு அவனுக்கு எப்படி வருகிறது என்று பார்க்கிறார் நெறியாளர்.

அறிவு சண்டையினால் வரவில்லை. பாதிக்கப்பட்டோரின் முகங்களைப் பார்த்ததினால் வருகிறது. இரவு வேளைகளில் அறைகூவும் எச்சரிக்கை ஒலியின் பின்னால் ஓடி, தீங்கின் விளிம்பிலே நிற்கும் உயிரொன்றை மீட்டபின், அவனுடைய பழைய அளவுகோல் முறிந்துபோகிறது. சுவையாக இருந்ததா என்று அங்கே யாரும் கேட்கமுடியாது. கேட்டால், கேட்டவனே நாணவேண்டும். இவ்வகையில் அப்படம் தன் நாயகனை மட்டுமன்றித் தன்னைப் பார்ப்பவனையும் சோதிக்கிறது எனலாம். சண்டைப்படத்தைப் பார்க்க அமர்பவனும் ஜொங்-டோவின் அளவுகோலையே கையில் வைத்துக்கொண்டு அமர்கிறான். எதிரி உருண்டு விழும்போது தன்னையறியாமல் மகிழ்கிறான். அந்த மகிழ்ச்சி எதன்மேற் கட்டப்பட்டது என்பதை ஒரு கணமேனும் எண்ணவைக்கும் படம் அதனால் மதிப்புப் பெறுகிறது.

நாயகனாக நடித்த கிம் வூ-பினைப் பற்றியும் ஒரு செய்தி சொல்லத்தக்கது. 2017 இல் மூக்கடித் தொண்டைப் புற்றுநோய்க்கு ஆளாகி, அவர் நடிப்பைச் சில ஆண்டுகள் கைவிட நேர்ந்தது. 2022 இலேயே மீண்டும் திரையில் தோன்றினார். தன் உடலே தன்னைக் கைவிடக்கூடும் என்று கண்டறிந்த ஒருவர், உடல்வலியே உருவான இளைஞனாக நடிக்கிறார். அவருடைய உதையிற் செருக்கைக் காட்டிலும் கவனமே மிகுதியாகத் தெரிவது தற்செயலாக இருக்கலாம். ஆயினும் அது பாத்திரத்துக்குப் பொருந்துகிறது.

படத்தின் பிற்பகுதியில், பிள்ளைகளுக்குக் கொடுமை இழைத்துச் சிறைசென்ற ஒருவன் தண்டனை முடிந்து வெளிவருகிறான். ஊர் நடுங்குகிறது. இக்காட்சியைப் பார்க்கும் எந்தக் கொரியருக்கும் 2020 டிசெம்பர் மாதம் நினைவுக்கு வராதிருக்க முடியாது. 2008 இல் ஆன்சான் நகரில் எட்டு வயதுச் சிறுமி ஒருத்திக்கு மிகக் கொடிய தீங்கிழைத்த ஒருவன், குடிபோதையில் இருந்தமை தணிவுக் காரணமாகக் கொள்ளப்பட்டதால், பன்னிரண்டு ஆண்டுச் சிறையோடு தப்பினான். அத்தண்டனை முடிந்து அவன் 2020 டிசெம்பர் 12 ஆம் நாள் வெளிவந்தபோது மக்கள் திரண்டு கூச்சலிட்டனர். தாமே அவனைத் தண்டிப்போம் என்று சூளுரைத்தோரும் இருந்தனர். சட்டம் அவனுக்கு ஏழாண்டுக் காலம் கணுக்காற் பட்டி அணிவித்து, அவனை மட்டுமே கண்காணிக்க ஓர் உத்தியோகத்தரையும் நியமித்தது. குற்றவாளியைக் காவல்செய்ய வேண்டிய அரசு, கூட்டத்தினரிடமிருந்து அவனைக் காக்கவும் வேண்டியதாயிற்று. சினங்கொண்ட மக்களை அறியாதவர் என்று இகழ்ந்துவிடுவது எளிது. ஆனால் அந்தச் சிறுமியை நினைத்தால் அச்சினத்தைத் தவறென்று சொல்ல எவருக்கும் நா எழாது.

அதே மாதத்தில் இன்னொரு நிகழ்ச்சியும் நடந்தது. ஐந்து நாள்கள் கழித்து, டிசெம்பர் 17 ஆம் நாள், ஒரு கொலை வழக்கின் மறுவிசாரணையிலே ஒருவர் குற்றமற்றவர் எனத் தீர்ப்பளிக்கப்பட்டார். 1986 முதல் 1991 வரை ஹ்வாசொங் பகுதியை நடுக்கிய தொடர்கொலைகளுள் எட்டாவதைச் செய்தவர் என்று 1989 இல் அவர் பிடிக்கப்பட்டார். வதைத்துப் பெற்ற ஒப்புதல் வாக்குமூலமே அவருக்கு எதிரான பெருஞ்சான்றாயிற்று. ஏறக்குறைய இருபது ஆண்டுகளைச் சிறையிற் கழித்தார். உண்மைக் கொலைஞன் யாரென்பது 2019 இலேயே வெளிப்பட்டது.

அக்கொலைகளை வைத்துப் பொங் ஜூன்-ஹோ 2003 இல் ‘மெமரீஸ் ஒப் மேர்டர்’ என்னும் படத்தை எடுத்தார். அதிலே வரும் துப்பறிவாளன் ஒருவன், சந்தேகத்துக்குரியோரை உதைக்கும்போது அடையாளம் விழாதிருக்கத் தன் சப்பாத்தின்மேல் உறை அணிந்துகொள்வான். கதையின் போக்கில் அந்தக் காலையே அவன் இழக்கிறான். அவனும் தீமையை ஒழிக்கவே உதைத்தான். பெண்களைக் கொன்றவனைப் பிடிக்கவே உதைத்தான். ஆனால் அவ்வாறு விழும் உதை யார்மேல் விழுகிறது என்பதை அது அறியாது. இருபது ஆண்டுகளை இழந்த மனிதர் அதற்கு உயிருள்ள சாட்சி.

குற்றவாளி வெளிவந்த நாளையும் நிரபராதி விடுவிக்கப்பட்ட நாளையும் சேர்த்து நோக்குமிடத்து, ‘முடோ சில்முக்வான்’ படத்தின் நடுக்கேள்வி தெளிவாகிறது. சட்டம் மெதுவாக நடக்கிறது. தீமை விரைந்து ஓடுகிறது. விரைவுக்காகச் சட்டத்தின் கையைக் கட்டவிழ்த்துவிட்டால் குற்றமற்றவன் நொறுங்குவான். கட்டியே வைத்திருந்தால் சிறுமி ஒருத்தி பலியாவாள். தடியெடுத்தவனெல்லாம் தண்டல்காரன் ஆகிவிடாமல், அதேவேளை தடியில்லாத தண்டல்காரன் கேலிப்பொருளாகவும் ஆகிவிடாமல் இருப்பது எங்ஙனம்? படம் தரும் விடை எளிமையானது: வலியவன் தனித்து நடக்கலாகாது. ஜொங்-டோவின் அருகே எப்பொழுதும் கிம் சொன்-மின் இருக்கிறார். அடிக்கத் தெரிந்தவன் ஒருவன். எப்போது அடிக்கவேண்டும், எங்கே நிறுத்தவேண்டும் என்பதற்குப் பொறுப்புக் கூறுபவர் மற்றவர். அவ்விருவரின் நட்பே படத்தின் உண்மையான கதை.

ஆயினும் இவ்விடையை இறுதிவரை காப்பாற்ற நெறியாளருக்கு இயலவில்லை என்பதையும் சொல்லவேண்டும். முடிவை நெருங்க நெருங்க, சண்டைப்படத்தின் வாய்பாடு தன் பங்கைக் கேட்கிறது. தீயவன் மனிதனாக அன்றி மலையாக வளர்கிறான். அவனுடைய தீமைக்கு வேரும் இல்லை, முடிவும் இல்லை. நாயகன் அவனைத் தன் கைகளாலேயே எதிர்கொண்டு தீர்க்கவேண்டியதாகிறது. கொரிய மொழியில் நன்னடத்தைக் கண்காணிப்பைக் குறிக்கும் ‘போஹோ க்வான்சால்’ என்னும் தொடர் இரு சொற்களால் ஆனது. முன்னது காத்தல், பின்னது உற்று நோக்கல். படம் பின்னதை மறவாமல் வைத்துக்கொண்டது. முன்னதைப் பெரிதும் கைவிட்டது. பட்டி அணிந்தோருள், திருந்தி வாழ முயல்பவனும் இருப்பான். வேலை தேடுபவனும், அயலாரின் கண்ணைப் பார்க்க அஞ்சி இரவில் மட்டும் வெளியே நடப்பவனும் இருப்பர். அவர்களுள் ஒருவனையேனும் கதையின் நடுவே நிறுத்தியிருந்தால், கண்காணிப்பு என்பது வேட்டையன்று, அதுவும் ஒருவகைக் காவலே என்பது துலங்கியிருக்கும். எல்லோரையும் அரக்கராக்கிவிட்டால், முன்பு சப்பாத்துக்கு உறையிட்டு உதைத்தவனின் நியாயம் பின்கதவால் உள்ளே வந்துவிடும்.

இக்குறை இருந்தும், அப்படம் மனத்திற் பதியச்செய்யும் உண்மை ஒன்று உண்டு. நடந்த குற்றத்துக்குப் பிணமும் வழக்கும் செய்தித்தாளும் சாட்சி சொல்லும். நடக்காமற்போன குற்றத்துக்குச் சாட்சியே இல்லை. இரவு முழுவதும் வாகனத்திற் காத்திருந்து, ஒலி எழும்போது ஓடி, ஒருவனை அவனுடைய வீட்டு வாசல்வரை திருப்பி அனுப்பிவிட்டு விடியற்காலையிற் களைத்துத் திரும்பும் ஊழியர் எதைக் காத்தார் என்பதை யாராலும் எண்ணிக் காட்டமுடியாது. அன்று பள்ளிக்குச் செல்லும் சிறுமிக்கு அவரைத் தெரியாது. தெரியவேண்டிய தேவையும் இல்லை. திரைப்படம் தவிர்க்கமுடியாமல் சண்டை நிகழ்ந்த இரவுகளையே காட்டுகிறது. ஆனால் அவ்வேலையின் வெற்றி, எதுவும் நிகழாத இரவுகளிலேதான் தங்கியிருக்கிறது.

கதையின் முடிவில் ஜொங்-டோ அப்பணியிலேயே தொடர்கிறான். இப்பொழுது அவன் எதிர்பார்ப்பது பரபரப்பான இரவையன்று. ஒலி எழாத இரவொன்று வாய்த்தால் அதுவே தன் வெற்றி என அறிந்தவனாக, கிம் சொன்-மின்னின் அருகில் அமர்ந்து காத்திருக்கிறான்.