மணலுக்கு ஒரு காற்று, தார்ச்சாலைக்கு ஒரு காற்று

வளைகுடா நாடுகளில் வாகனம் ஓட்டிப் பழகிய எங்கள் குடும்பத்துப் பிள்ளைகள் விடுப்பில் செஞ்சிக்கு வரும்போது, அத்தரோடும் பேரீச்சம்பழத்தோடும் ஒரு பழக்கத்தையும் கொண்டுவருகிறார்கள். கரடுமுரடான பாதையைக் கண்டால் டயரின் காற்றை இறக்கிவிடுகிறார்கள். பெரியவர்களாகிய நாங்கள் பதறுகிறோம். காற்றுக் குறைந்த டயர் என்றால் பஞ்சர் என்றே அறிந்த தலைமுறை எங்களுடையது.

ஆயினும் அவர்கள் செய்வதில் நியாயம் உண்டு. மணலில் வண்டி புதைவது எடையால் மட்டுமன்று. அந்த எடை சிறிய இடத்தில் அழுந்துவதாலும்தான். 32 பிஎஸ்ஐ உள்ள டயரை 16 அல்லது 18க்கு இறக்கினால், அதன் அடி தட்டையாகிப் பெரும்பாலும் நீளவாக்கில் விரிகிறது; மணலைக் கிழிக்காமல் அதன்மேல் ஏறிச் செல்கிறது. பிரிட்டிஷ் இராணுவ அதிகாரி ரால்ஃப் பாக்னால்டு 1930களில் லிபியப் பாலைவனத்தைச் சாதாரணக் கார்களில் கடந்ததற்கு இந்த உத்தியும் துணைநின்றது. எங்கள் ஏரிப்பாசன வயல்களில் உழும் டிராக்டரின் பெரிய பின்சக்கரங்களிலும் கார் டயரைவிடக் குறைந்த காற்றழுத்தமே இருக்கும். ஒட்டகத்தின் படைப்பை எண்ணிப் பார்க்குமாறு ஸூரத்துல் காஷியா அழைக்கிறதல்லவா. ஊன்றும்போது அகன்று விரியும் அதன் பாதத்தை அப்போது நினைத்துக்கொள்கிறோம்.

ஆனால் செஞ்சி மணல்நாடு அன்று. கோட்டைக்குன்றுகளைப் போலவே சுற்றுப்புறமும் பாறையும் சரளையுமாகக் கிடக்கிறது. (ராஜகிரிக்கு ஜீப் ஏறுமா என்று கேட்கும் மருமக்களுக்கு ஒரு சொல்: படிகள்தாம், நடந்தே ஏற வேண்டும்.) நிலத்துக்குப் போகும் கல்பாதையில் காற்றைச் சற்றே குறைத்தால் டயர் கல்லை அணைத்துச் செல்லும், குலுக்கலும் தணியும். அளவு மீறினால் பக்கச்சுவர் வெளியே பிதுங்கும். அந்த இடத்தில் ரப்பர் மெல்லியது. கூரிய கல் கிழித்துவிட்டால் பஞ்சர் கடையில் ஒட்டித் தர மாட்டார்கள். வேகமாகத் திருப்பினால் டயர் ரிம்மை விட்டே கழன்றுவிடலாம். ஆகவே கல்பாதையில் 25க்குக் கீழே இறக்க நாங்கள் சம்மதிப்பதில்லை.

உண்மையான ஆபத்து பாதை முடிந்து தார்ச்சாலை தொடங்கும் இடத்தில் காத்திருக்கிறது. வண்டி நிறையப் பெண்களும் குழந்தைகளும், பின்னால் பிரியாணி தேக்சா, மஃரிபுக்குள் வீடு சேரும் அவசரம். "திண்டிவனம் போய்க் காற்று அடித்துக்கொள்ளலாம் மாமா" என்று ஓட்டுகிறவர் சொல்வார். 80 கிலோமீட்டர் வேகத்தில் டயர் நிமிடத்துக்கு அறுநூறு தடவைக்குமேல் சுழல்கிறது. காற்றுக் குறைந்திருந்தால் ஒவ்வொரு சுழற்சியிலும் பக்கச்சுவர் மடங்கி நிமிர்கிறது. உள்ளே சூடு ஏறுகிறது. ரப்பரும் நூலிழைகளும் பிரிந்து டயர் வெடிக்கக்கூடும். கோடையில், பாரத்தோடு, கேட்கவே வேண்டாம். பின்னிருக்கையில் உறங்கும் குழந்தை ஓட்டுகிறவரிடம் ஒப்படைக்கப்பட்ட அமானிதம். அரைமணி நேரத் தாமதத்துக்காக அதைப் பணயம் வைக்கலாகாது.

எனவே பம்பு இல்லாத வண்டியில் காற்றை இறக்கவே கூடாது என்று வீட்டில் ஏற்பாடு செய்துகொண்டோம். கார் பேட்டரியில் இயங்கும் சிறிய பம்பே போதும். தார்ச்சாலைக்கு முன்னால் வண்டியை ஓரங்கட்டி, ஒருவர் காற்று அடிக்க, மற்றவர்கள் வேப்பமரத்தடியில் விரிப்பை விரித்து மஃரிப் தொழுதுவிடுகிறோம். அடித்தவர் பிறகு தொழுகிறார். சூடான டயர் அழுத்தத்தைக் கூட்டிக் காட்டும் என்பதால், மறுநாள் காலை வண்டியை எடுக்குமுன் மீண்டும் அளக்கிறோம். முந்தைய மாலை 32 காட்டிய டயர் காலையில் 29 காட்டுவதுண்டு.