பொள்ளாச்சி நார்க்கழிவும் தொட்டிச் செடியின் சுண்ணாம்புப் பசியும்

பொள்ளாச்சியிலிருந்து ஆனைமலை, கோட்டூர், உடுமலை என எந்தச் சாலையில் போனாலும் தென்னந்தோப்புகளுக்கு இடையே பழுப்பு நிற மேடுகள் தென்படும். தூரத்துப் பார்வைக்குச் செம்மண் குவியல் போல இருக்கும். அருகில் போய்க் கையில் அள்ளினால் எடையே இருக்காது. நார் மில்லில் தேங்காய் மட்டையை அடித்து நாரைப் பிரித்தபின் மிஞ்சும் தூள் இது. ஊர்க்காரர்கள் ‘பித்’ என்பார்கள். வேளாண் துறைத் துண்டறிக்கைகளில் இதன் பெயர் தென்னை நார்க்கழிவு.

மட்டையில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்குதான் நார், மீதியெல்லாம் இந்தத் தூள்தான். ஒரு காலத்தில் இதை எங்கே கொட்டுவது என்று தெரியாமல் மில்காரர்கள் திண்டாடினார்கள். சீக்கிரம் மக்காது, மழையில் நனைந்தால் சாறு இறங்கும், தீப்பிடித்தால் நாள் கணக்கில் புகையும். இன்று அதே தூள் கட்டியாக அழுத்தப்பட்டு, தூத்துக்குடி, கொச்சித் துறைமுகங்கள் வழியாக நெதர்லாந்து, ஸ்பெயின், சீனா, கொரியா என்று கப்பல் ஏறுகிறது. அங்கே பசுமைக்குடில்களில் தக்காளியும் குடைமிளகாயும் ஸ்ட்ராபெரியும் மண்ணே இல்லாமல் இதில்தான் வளர்கின்றன. உள்ளூரிலும் உடுமலைப் பக்கத்து நாற்றுப் பண்ணைகளின் குழித்தட்டு முதல் கோவை வீடுகளின் மாடித்தோட்டப் பை வரை இதே தூள்தான்.

இந்தத் தூளில் செடி வைத்தவர்களிடமிருந்து திரும்பத் திரும்ப வரும் புகார்கள் மூன்று. தக்காளி பாதி வளர்ந்ததும் அடிப்பக்கம் கருத்துத் தோல்போல் ஆகிவிடுகிறது. மிளகாயின் கொழுந்து சுருண்டு நுனி கருகுகிறது. கத்தரியின் அடி இலைகளில் நரம்பு பச்சையாக இருக்க, இடைப்பகுதி மஞ்சளாகிறது. பூச்சி என்று மருந்து அடிக்கிறார்கள், நோய் என்று இன்னொரு மருந்து அடிக்கிறார்கள், செடி தேறுவதில்லை. பல நேரங்களில் காரணம், சுண்ணாம்புச் சத்தான கால்சியமும் அதன் கூட்டாளி மெக்னீசியமும் செடிக்குக் கிடைக்காததே.

களத்தில் நடக்கும் இரண்டு கழுவல்கள்

ஏற்றுமதிக்குத் தூள் தயாரிக்கும் களங்களில் இதற்கான விடை இருக்கிறது. தேங்காய் மட்டையில் இயல்பாகவே சாம்பல் சத்து அதிகம். அதனால்தான் நம் முன்னோர் தென்னையைச் சுற்றிக் குழி எடுத்து மட்டையைப் புதைத்தார்கள்; ஈரம் காப்பதோடு சாம்பல் சத்தும் மரத்துக்கே திரும்பியது. தூளில் இந்தச் சாம்பல் சத்தோடு சோடியமும் உப்பும் சேர்ந்திருக்கும். உவர்நீரில் ஊறப்போட்ட மட்டை என்றால் சோடியம் இன்னும் கூடும்.

முதல் கழுவல் வெறும் தண்ணீரில் நடக்கிறது. கரைந்து நிற்கும் உப்பு இதில் வெளியேறும். உப்பின் அளவைக் காட்டும் மின்கடத்துத்திறன் 0.5க்குக் கீழே இறங்கினால் கழுவிய தூள் என்று விற்கலாம். நம் ஊர்க் கடைகளில் ‘வாஷ் பண்ணது’ என்று சொல்லித் தருவது இதைத்தான்.

ஆனால் கரையாமல் தூளின் உடம்போடு ஒட்டிக்கொண்டிருக்கும் பொட்டாசியமும் சோடியமும் எத்தனை முறை தண்ணீர் விட்டாலும் முழுதாகப் போவதில்லை. அவற்றைப் பெயர்க்க அந்த இடத்தில் இன்னொன்று வந்து உட்கார வேண்டும். அதற்குத்தான் இரண்டாவது கழுவல். கால்சியம் நைட்ரேட் கரைத்த நீரில் தூளை ஒரு நாள் ஊறவைக்கிறார்கள். கால்சியம் தூளில் ஒட்டிக்கொள்ள, பொட்டாசியமும் சோடியமும் விடுபட்டு நீரோடு போய்விடுகின்றன.

களர் நிலத்தைத் திருத்திய விவசாயிகளுக்கு இது புதிதல்ல. களரில் ஜிப்சம் போட்டு, நீர் கட்டி, வடித்தால் ஜிப்சத்தில் உள்ள கால்சியம் மண்ணில் அமர்ந்து சோடியத்தை வெளியேற்றுகிறது. வயலில் நடக்கும் அதே வேலை இங்கே தொட்டியில் நடக்கிறது.

இந்த இரண்டாவது கழுவல் நடக்காத தூளில் செடி வைத்தால், நாம் ஊற்றும் கால்சியத்தையும் மெக்னீசியத்தையும் முதலில் தூளே பிடித்துக்கொள்கிறது. பதிலுக்குப் பொட்டாசியத்தை விடுகிறது. பொட்டாசியம் கூடக்கூட வேர் மெக்னீசியத்தையும் கால்சியத்தையும் எடுப்பது குறைகிறது. செடிக்கு இரண்டு பக்கமும் அடி. நெதர்லாந்துக்குப் போகும் தூளுக்கு இரண்டு கழுவலும் கேட்டு வாங்குகிறார்கள். உள்ளூரில் மலிவாகக் கிடைக்கும் கட்டிக்கு ஒன்றுகூட நடந்திருக்காமல் போகலாம். வாங்கும்போது கேட்டுத் தெரிந்துகொள்வது நம் வேலை.

19:19:19இல் இல்லாதது

மாடித்தோட்டத்தில் அதிகம் புழங்கும் உரம் 19:19:19. தழை, மணி, சாம்பல் மூன்றும் அதில் சமமாக இருக்கின்றன. கால்சியமோ மெக்னீசியமோ அதில் இல்லை. வயல் மண்ணில் இந்தக் குறை அவ்வளவாகத் தெரியாது, ஏனென்றால் கோவை, திருப்பூர் மாவட்டங்களில் பல இடங்களில் சுண்ணாம்பு கலந்த மண்தான். பையில் இருக்கும் தூளுக்கு அப்படி ஒரு கையிருப்பு கிடையாது.

நிலக்கடலை போட்டவர்களுக்குக் கால்சியத்தின் அருமை தெரியும். மண் அணைக்கும்போது ஏக்கருக்கு 160 கிலோ ஜிப்சம் போடுவது காய் திரட்சிக்காகத்தான். பருத்தியில் இலை சிவக்கும்போது மெக்னீசியம் சல்பேட் தெளிப்பதும் பழகியதே. தொட்டிச் செடிக்கும் இதே இரண்டு சத்துகள்தான் தேவை, அளவுதான் சிறியது.

குறையைக் கண்டுபிடிக்க இலையின் வயதைப் பார்க்க வேண்டும். மெக்னீசியம் செடிக்குள் இடம் மாறும். குறை வந்தால் செடி பழைய இலையிலிருந்து எடுத்துக் கொழுந்துக்குக் கொடுக்கும், ஆகவே அடி இலைதான் முதலில் மஞ்சளாகும். கால்சியம் ஒருமுறை போய்ச் சேர்ந்த இடத்தை விட்டு நகராது. ஆகவே கொழுந்திலும் காயின் நுனியிலும் குறை தெரியும். கொழுந்து இலை நரம்பு பச்சையாக, இடையில் மஞ்சளாக இருந்தால் அது பெரும்பாலும் இரும்புச் சத்துக் குறை. அதற்கு மெக்னீசியம் சல்பேட் போட்டால் காசுதான் வீண்.

கணவாய்க் காற்று செய்யும் வேலை

இந்தப் பகுதிக்கே உரிய இன்னொரு காரணம் காற்று. தென்மேற்குப் பருவத்தில் பாலக்காட்டுக் கணவாய் வழியாக வரும் காற்று பொள்ளாச்சி, உடுமலை வட்டாரத்தில் விடாமல் வீசும். உடுமலைச் சுற்றுவட்டாரத்தில் காற்றாலைகள் நிற்பது அதனால்தான்.

கால்சியம் செடிக்குள் தண்ணீரோடு சேர்ந்துதான் மேலே ஏறுகிறது. காற்று வீசினால் இலைகள் வேகமாக நீரை விடும், எனவே தண்ணீரும் கால்சியமும் இலைப் பக்கமே ஓடும். நீர் அதிகம் விடாத காய்க்கு மிச்சம் கிடைப்பது சொற்பம். அதோடு பையும் மதியத்துக்குள் காய்ந்துவிட்டால் காய்க்குக் கால்சியம் போவதே நின்றுவிடும். அப்போது தக்காளியின் அடி கருக்கிறது. தூளில் கால்சியம் போதுமான அளவு இருக்கும்போதும் இது வரலாம்.

ஆகவே காற்றுக் காலத்தில் ஒரே வேளையில் நிறைய ஊற்றுவதைவிட, காலையும் மாலையும் பிரித்து ஊற்றுவது நல்லது. பையின் மேல் காய்ந்த இலை, தென்னை ஓலைத் துண்டு போட்டு மூடலாம். மேற்குப் பக்கம் நிழல்வலையைத் தடுப்பாகக் கட்டலாம். இவற்றைச் செய்யாமல் கால்சியம் மட்டும் தெளிப்பதால் பலன் குறைவு. இலையில் தெளித்த கால்சியம் இலையிலிருந்து காய்க்கு இறங்காது. கருத்த காய் மறுபடி தேறாது. அதைப் பறித்துவிட்டு அடுத்த காய்களைக் காப்பாற்றுவதே வழி.

எந்தத் தண்ணீர்?

இதே வட்டாரத்தில் இரண்டு விதத் தண்ணீர் புழங்குகிறது. ஆனைமலைக் குன்றுகளிலிருந்து ஆழியாறு வழியாகவும் பரம்பிக்குளம் ஆழியாறுத் திட்ட வாய்க்கால் வழியாகவும் வருவது நல்ல தண்ணீர். அதில் சுண்ணாம்பு குறைவு. மழைநீரிலும், வடிகட்டும் இயந்திரத்திலிருந்து வரும் ஆர்.ஓ. நீரிலும் ஏறக்குறைய இல்லை. இவற்றை ஊற்றினால் கால்சியமும் மெக்னீசியமும் தனியாகத் தர வேண்டும்.

கிழக்கே போகப்போக ஆழ்துளைக் கிணறுகளில் பல உப்புத் தண்ணீர். சோப்பு நுரைக்காது, பருப்பு வேகாது, அண்டாவில் வெள்ளையாகப் படியும். அந்தப் படிவு பெரும்பாலும் கால்சியமும் மெக்னீசியமும்தான். நீர்ப் பரிசோதனை அறிக்கையில் கால்சியக் கடினத்தன்மை லிட்டருக்கு 200 மில்லிகிராம் என்று இருந்தால், அந்த ஒரு லிட்டரில் 80 மில்லிகிராம் கால்சியம் ஏற்கெனவே இருக்கிறது என்று பொருள். அப்படிப்பட்ட நீருக்கு மேலும் கால்சியம் வாங்கி ஊற்றத் தேவையில்லை. மெக்னீசியம் மட்டும் தேவைப்படலாம். இந்த நீரில் காரத்தன்மை கூடி இரும்புச் சத்து கிட்டாமல் போவதும் உண்டு.

கையில் வைத்துப் பார்க்கும் டி.டி.எஸ். மீட்டர் மொத்த உப்பைத்தான் காட்டும். அது சுண்ணாம்பா சோடியமா என்று சொல்லாது. மண் பரிசோதனை நிலையத்தில் பாசன நீரையும் கொடுத்துப் பார்த்துவிட்டால் குழப்பம் தீரும்.

வீட்டிலேயே செய்யும் முறை

1. 5 கிலோ கட்டியை உதிர்த்து, நிறைய நீர் விட்டு ஊறவைத்து, பழுப்பு நிறம் வெளுக்கும்வரை இரண்டு மூன்று முறை வடிக்கவும்.

2. 100 கிராம் கால்சியம் நைட்ரேட்டை 25 முதல் 30 லிட்டர் நீரில் கரைத்து, தூளில் ஊற்றிக் கிளறி ஒரு நாள் வைக்கவும். பிறகு வடித்து, வெறும் தண்ணீரில் ஒருமுறை அலசவும். இரண்டு கழுவலும் முடித்த கட்டியை வாங்கியவர்களுக்கு இந்த இரண்டு வேலையும் இல்லை.

3. செடி பிடித்தபின், நல்ல தண்ணீர் ஊற்றுபவர்கள் வாரம் ஒருமுறை லிட்டருக்கு 1 கிராம் கால்சியம் நைட்ரேட் கரைத்து வேரில் ஊற்றலாம். இதில் 15.5 சதவீதம் தழைச்சத்தும் இருக்கிறது. அந்த அளவுக்கு மற்ற தழை உரத்தைக் குறைக்கவும்.

4. வேறொரு நாளில் லிட்டருக்கு அரை கிராம் மெக்னீசியம் சல்பேட் ஊற்றவும். அடி இலை மஞ்சளாகிவிட்டால் லிட்டருக்கு 5 முதல் 10 கிராம் கரைத்து மாலையில் இலை மேல் தெளிக்கவும்.

5. கால்சியம் நைட்ரேட்டை மெக்னீசியம் சல்பேட்டுடனோ 19:19:19 உடனோ ஒரே வாளியில் கெட்டியாகக் கலக்கக் கூடாது. வெள்ளையாகத் திரிந்து அடியில் படிந்துவிடும். சத்து செடிக்குப் போகாது. பெரிய பண்ணைகளில் உரத்துக்கு இரண்டு தொட்டி வைப்பது இதற்காகத்தான்.

6. காய் பிடிக்கும்போது 13:0:45 போன்ற சாம்பல் சத்து உரங்களை அளவு மீறித் தர வேண்டாம். மெக்னீசியக் குறை உடனே தலைகாட்டும்.

முட்டை ஓட்டைப் பலரும் சேர்த்து வைக்கிறார்கள். அதில் இருப்பது சுண்ணாம்புதான், ஆனால் கரைய மாதக்கணக்கில் ஆகும். நைசாகப் பொடித்து, பை நிரப்பும்போதே கலந்தால் பின்னாளில் உதவும். கருக்கத் தொடங்கிய தக்காளிக்கு அது மருந்தாகாது. அழகான பாட்டிலில் ‘கால்மேக்’ என்று விற்பதிலும் பெரும்பாலும் இந்த இரண்டு சத்துகள்தான். உரக்கடையில் உப்பாக எடைபோட்டு வாங்கினால் செலவு வெகுவாகக் குறையும். பையின் மேல் அச்சிட்டிருக்கும் சத்து அளவைப் பார்த்து வாங்கவும்.

கழுவிய நீரையும் வீணாக்க வேண்டியதில்லை. ஒன்றிரண்டு கட்டிகள் கழுவிய பழுப்பு நீரைத் தென்னை மரத்துப் பாத்தியில் விடலாம், அதில் உள்ள சாம்பல் சத்து மரத்துக்குப் பயன்படும். டன் கணக்கில் கழுவும் களங்களுக்கு இது பொருந்தாது. அந்த நீர் நிலத்தில் இறங்கினால் பக்கத்துக் கிணறு உப்பாகும். தொட்டி கட்டிச் சேமித்து, மறுபடி பயன்படுத்தும் களத்திலிருந்து தூள் வாங்குவது நம் செடிக்கும் நல்லது, களத்தை ஒட்டியிருக்கும் விவசாயியின் கிணற்றுக்கும் நல்லது.