ஒசாகாவில் ஓர் உச்சிக்குடும்பன்

நம்பா ரயில் நிலையத்தை விட்டு வெளியே வந்ததும் குளிர் மூக்கைப் பிடித்துத் திருகியது. ஆடிச் சாரலையே குளிர் என்று சொல்லி வளர்ந்த நாகர்கோயில் உடம்புக்கு ஒசாகாவின் ஜனவரி வேறு ரகம். ஆனால் டோட்டன்போரித் தெருவுக்குள் நுழைந்துவிட்டால் குளிராவது ஒன்றாவது! குழிப்பணியாரச் சட்டி போன்ற இரும்புச் சட்டிகளில் பேய்க்கணவாய்த் துண்டு வைத்த மாவுருண்டைகள் வெந்துகொண்டிருந்தன. கருகும் மாவும் இனிப்புச் சாறும் கலந்த வாசனை தெரு முழுக்க. நிமிர்ந்து பார்த்தால் ஒரு ராட்சத நண்டு கால்களை ஆட்டுகிறது. சாப்பாட்டுக் கடையின் பெயர்ப்பலகையாம் அது!

கொஞ்ச தூரத்தில் குயிடாவோரே தாரோ. சிவப்பு வெள்ளைக் கோடு போட்ட உடுப்பும் வட்டக் கண்ணாடியுமாக, 1950-இல் ஓர் உணவு விடுதி தன் வாசலில் நிறுத்திய இயந்திரக் கோமாளி. டிரம் கொட்டுவான், புருவத்தைத் தூக்குவான், வாயைத் திறந்து மூடுவான். அவ்வளவுதான் வித்தை. 2008-இல் விடுதியை மூடினார்கள். தாரோவைப் பிரிய ஊருக்கு மனம் வரவில்லை. இன்றும் அதே தெருவில் கொட்டிக்கொண்டிருக்கிறான், சுற்றி நின்று ஜனங்கள் படமெடுக்கிறார்கள்.

மறுநாள் ஒரு கடையில் பெப்பர் ரோபோவைப் பார்த்தேன். 120 சென்டிமீட்டர் உயரம், சக்கரத்தில் நகரும் வெள்ளை உருவம். தலை, கை, இடுப்பு எல்லாம் அசையும். முகம் மட்டும் அசையாது. உதடு என்பதே கிடையாது. ஒரு சிறுவன் அதன் தலையைத் தட்டினான். மெல்லத் தலை குனிந்தது. பிறகு பெரிய பிரசங்கத்துக்குத் தயாராவதுபோல இரண்டு கைகளையும் விரித்து... அப்படியே நின்றுவிட்டது! ஒரு மூச்சு நேரம். பிறகு தலையைச் சாய்த்து அவனைப் பார்த்தது. கடையே சிரித்தது, நானும்தான். கை விரிந்தபோது யாரும் சிரிக்கவில்லை. அது நின்றபோதுதான் சிரித்தார்கள். ஜப்பானிய மொழியில் நன்றிக்கு மேல் ஒன்றும் தெரியாத எனக்கும் அது புரிந்தது.

பெப்பருக்கு இது தானாக வந்த சாமர்த்தியம் இல்லை. 1912 முதல் சிரிப்பையே தொழிலாக நடத்திவரும் ஒசாகா நிறுவனம் யோஷிமோட்டோ. 2014-இல் பெப்பர் அறிமுகமான சமயத்தில் அதற்கு வேடிக்கை கற்றுக்கொடுக்கத் தனி ரோபோ ஆய்வுக்கூடமே வைத்திருந்தார்கள்.

அன்று சாயங்காலம் அவர்களுடைய நம்பா கிராண்ட் ககெட்சு அரங்கில் மன்சாய் பார்த்தேன். ஒரே மைக்கின் முன்னால் இரண்டு பேர். ஒருவர் உளறுகிறார், மற்றவர் புறங்கையால் அவர் மார்பில் ஒரு தட்டு. மறுபடி உளறல், மறுபடி தட்டு. அடடா, இது நம்ம தோல்பாவைக்கூத்துக் கோமாளிகள் உச்சிக்குடும்பனும் உளுவத்தலையனும் அல்லவா! கோபேயிலுள்ள கோனான் பல்கலைக்கழகத்தில் இரண்டு ரோபோக்களையே மன்சாய் ஆட வைத்திருக்கிறார்கள். செய்தியைக் கொடுத்தால் கணினியே வசனம் எழுதிவிடுமாம்.

எங்கள் நாஞ்சில் நாட்டுத் தோல்பாவைக்கூத்தில் இப்படி உளறியும் தட்டியும் சிரிக்கவைக்கும் ஜோடி எப்போதோ வந்துவிட்டது. திரைக்குப் பின்னால் ஒரே கலைஞர் ராமனுக்கும் ராவணனுக்கும் இந்தக் கோமாளிகளுக்கும் குரல் கொடுத்துக்கொண்டே ஆட்டுத்தோல் பாவைகளை ஆட்டுவார். ராமன் பேசும்போது தூங்கிப்போகும் பிள்ளைகள் இந்த இரண்டு பேர் வந்ததும் எழுந்து உட்காரும். தோல்முகம் மாறவே மாறாது. ஓங்கிய கை மட்டும் அந்தரத்தில் ஒரு கணம் நிற்கும். பிறகுதான் அடி! பெப்பரிடம் நான் கண்டதும் அந்தக் கணத்தைத்தான்.

பாலக்காட்டுப் பக்கம் தோல்பாவைகளுக்கு மோட்டார் பொருத்தி ஆட்டிக் காட்டிவிட்டார்கள். கலைவாணர் பிறந்த ஒழுகினசேரி இருக்கும் நம் மாவட்டத்தில் பொறியியல் கல்லூரிகளுக்குக் குறைவில்லை. ஆய்வாளர் அ.கா. பெருமாள் இந்தக் கூத்தைத் தேடித்தேடிப் பதிவுசெய்து புத்தகமாகவும் தந்துவிட்டார். ஒரு கல்லூரியாவது பழைய பாவைக்கூத்துக்காரர் ஒருவரைக் கூப்பிட்டு, உரிய சம்பளம் கொடுத்து, உச்சிக்குடும்பனின் கை எவ்வளவு நேரம் அந்தரத்தில் நிற்கிறது என்று கேமரா வைத்து அளந்து பார்க்கட்டும். அந்தக் கலைஞர்கள் நம்மிடையே இருக்கும்போதே செய்ய வேண்டிய வேலை இது.